கோபி தூக்கிய விரல்

திருவண்ணாமலை தனி மாவட்டமான எண்பத்தொன்பதாம் வருஷம் ஆதிமூலத்துக்குப் பத்தொன்பது வயசு. தன்னைப் போல ஒருத்தன் இந்த ஊரில் பிறந்திருக்கிறான் என்று தெரிந்துதான் கவர்மெண்ட் இறங்கி வந்து மாவட்டம் கொடுத்தது என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாத குறைதான். சட்டைக் காலரை நிமிர்த்தி விட்டுக்கொண்டு, மணிக்கட்டில் சிவப்புத் துணிப்பட்டை மாட்டிக்கொண்டு, தோளில் பேட்டைச் சாய்த்துக்கொண்டு அவன் தேரடித் தெருவில் நடப்பதைப் பார்க்க வேண்டுமே! மார்கழிக் குளிரிலும் மேல் பட்டன் இரண்டு திறந்துதான் இருக்கும். வழியில் சலூன் வந்தால் கண்ணாடியில் தலையைப் பார்க்காமல் தாண்ட மாட்டான்.

ஆதிமூலம் என்று கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான். அது தாத்தா பேர், கிழட்டுப் பேர் என்பான். 'ஆதி' என்று கூப்பிட வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று முழுக்க, நாளைக்கு ஜனங்கள் கேட்டால் தடுமாறக் கூடாதே என்று, ஆட்டோகிராப் போட்டுப் பழகி வைத்திருந்தான். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பல் தேய்க்கும்போது யாரோ மைக் நீட்டின மாதிரி பேட்டி கொடுப்பான். "எல்லாம் எங்க அப்பா அம்மா ஆசீர்வாதம்தாங்க" என்று நுரை வாயோடு அவன் சொல்வதைக் கேட்டு அம்மா பச்சையம்மாள் எருமைக்குத் தண்ணீர் காட்டுவதை விட்டுவிட்டு ஓடி வருவாள்.

"யார்கிட்டடா பேசிக்கினு இருக்கற?"

"உன்கிட்ட இல்ல, போ."

அப்பா இருசப்பன் நெல் மண்டியில் எடை போடுகிறவர். ஒரே பிள்ளை. கெட்டுப்போக வேறு என்ன வேண்டும்?

அந்தக் காலத்துப் பையன்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கிறுக்கு இருந்தது. ஒருத்தன் சினிமாவுக்குப் போகிறேன் என்றான், ஒருத்தன் துபாய்க்குப் போகிறேன் என்றான். நம்ம ஆதிக்குக் கிரிக்கெட். அதுவும் நிஜப் பந்தா? டென்னிஸ் பந்து. மாசி கழிந்து வேங்கிக்கால் ஏரியில் தண்ணீர் வற்றியதும் பையன்கள் முள்செடி வெட்டி, மேடு தட்டி, கயிறு கட்டிப் பிட்ச் போடுவார்கள். கரையில் வேப்ப மரத்தில் இரண்டு புனல் ஸ்பீக்கர். பேட்டுக்குப் பிடி வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப். வெயில் மண்டையைப் பிளக்கும், ஐஸ் பெட்டிக்காரர் மணி அடித்துக்கொண்டே இருப்பார், மைக்கில் ஒருத்தன் தொண்டை கட்டக் கத்துவான்: "இதோ களம் இறங்குகிறார், ராக்கெட் லெவன் அணியின் அதிரடி ஆட்டக்காரர் ஆதி!" அதை எழுதிக் கொடுத்ததே ஆதிதான் என்பது வேறு விஷயம். ஆனாலும் அடிப்பான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் அடித்தால் பந்து கரையைத் தாண்டி ரோட்டில் விழும், அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த கலெக்டர் ஆபீஸ் கொத்தனார்கள் எடுத்து வீசுவார்கள்.

அவன் போட்டு வைத்திருந்த வழி ரொம்பச் சுலபம். மாவட்டம் வந்தாச்சு, அப்ப மாவட்ட டீம் வரும். மாவட்ட டீமுக்குப் பிறகு மெட்ராஸ். மெட்ராஸுக்குப் பிறகு சொல்லவா வேண்டும்? மாவட்ட டீமுக்கு எங்கே ஆள் எடுக்கிறார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவன் போய் விசாரித்தானா என்றால், அதெல்லாம் இல்லை. அவர்கள்தான் தன்னைத் தேடிக்கொண்டு வர வேண்டும். வருஷம் நாலு போயிற்று. ஒருத்தரும் தேடவில்லை.

கோபியைச் சொல்ல வேண்டும். ஆதி வீட்டுக்கு எதிர்வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். கோபிக்கு பேட்டிங் வராது, பௌலிங் வராது, ஓடினால் மூச்சு வாங்கும். பதினொன்றாவது ஆளாக எழுதுவார்கள். ஆனால் கோபி இல்லாமல் எந்த டீமும் ராக்கெட் லெவனோடு ஆட வராது. ஏன் என்றால் அம்பயர். ஏரி ஆட்டத்தில் அம்பயருக்கு வெளியில் போக வேண்டாம். எந்த டீம் பேட் பண்ணுகிறதோ அந்த டீம் ஆள்தான் அம்பயராக நிற்பான். தன் ஆளுக்குத் தானே நீதிபதி! விளங்குமா? ஸ்டம்பு மூணும் பறந்தாலும் 'நோ பால்' என்பார்கள். சண்டை இல்லாமல் ஒரு மேட்ச் முடிந்தது கிடையாது. கோபி மட்டும்தான் அவுட் என்றால் அவுட் என்று விரலைத் தூக்குவான், சொந்த டீம்காரன் முறைத்தாலும் தூக்குவான். "அந்த கோபி நிக்கறாரா? அப்ப வர்றோம்" என்று போளூர், செங்கத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். ஆதிக்கே அதில் பெருமை உண்டு. "நம்ம கோபி தங்கம்டா" என்று தோளில் கை போட்டுக்கொள்வான். தனக்கு எதிராக அந்த விரல் எழும்பாதவரைக்கும் அது தங்கம்தானே.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம். கடைசி ஆட்டம், செங்கத்து டீமோடு. ஜெயித்தவர்களுக்கு ஒரு கப்பும் ஒரு ஆட்டுக்கிடாவும். அன்றைக்குக் காலையில் யாரோ ஒருத்தன் கொளுத்திப் போட்டான்: மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனி டீமுக்கு ஆள் பார்க்கிறவர் வருகிறாராம். சொன்ன மாதிரியே கூலிங் கிளாஸும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருத்தர் வந்து பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆதிக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. நாலு வருஷமாகத் தேடி வராதவர்கள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆளுக்குப் பன்னிரண்டு ஓவர். செங்கம் எடுத்தது தொண்ணூற்று நாலு. ஆதி வந்த வேகத்தில் நாற்பத்தாறு அடித்துவிட்டான். இரண்டு ஓவர் இருந்தது, பதினாறு ரன் வேண்டும். சும்மா தட்டித் தட்டி ஓடினாலே கப்பு கையில். ஆனால் நம்ம ஆதி துரைக்கு ஐம்பது வேண்டும், அதுவும் சிக்ஸரில் வர வேண்டும், அதுவும் தொப்பிக்காரர் பார்க்கிற பக்கம் போய் விழ வேண்டும். எதிர்முனையில் இருந்த சக்கரபாணி "ஓடுடா, ஓடுடா" என்று கத்துகிறான், இவன் கையைக் காட்டி "வேணாம், நில்லு" என்கிறான். ஒரு பந்து, இரண்டு பந்து, மூணு, நாலு. எல்லாம் காற்றில் வீசிய வீச்சு. கரையில் ராக்கெட் லெவன் பையன்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது பந்து ஸ்டம்புக்கு வெளியே போயிற்று. ஆதி வீசினான். பந்து கீப்பர் கைக்குப் போயிற்று. கீப்பரே பாதி மனசாகத்தான் "ஹௌஸாட்?" என்று இழுத்தான். பௌலர் முனையில் அம்பயராக நின்ற கோபி விரலைத் தூக்கினான்.

இங்கே ஒன்று சொல்லி விடுகிறேன், பிறகு மறைத்தான் என்று என்னைத் திட்ட வேண்டாம். பந்து பேட்டில் பட்டது. ஓரத்தில், லேசாக, சத்தம் வராத மாதிரி உரசிக்கொண்டு போனது. சைக்கிள் டியூபைத் தாண்டி உள்ளங்கைக்கு அது தெரிந்தது. ஏரியில் இருந்த ஐந்நூறு பேரில் அது தெரிந்தவன் ஒருத்தன்தான், ஆதிமூலம்.

தெரிந்துகொண்டேதான் பேட்டைத் தூக்கி எறிந்தான். தெரிந்துகொண்டேதான் விறுவிறுவென்று நடந்து வந்து, கோபி கன்னத்தில், ஊர் பார்க்க, ஓங்கி ஓர் அறை விட்டான். மைக்கில் கத்திக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

"என் லைஃபையே கெடுத்துட்டியேடா பாவி! அந்தாளு பாத்துக்கினு இருக்காருடா!"

கோபி கன்னத்தைக்கூடத் தொடவில்லை. "சாரிடா ஆதி" என்றான். அந்த ஒரு வார்த்தைதான். ஆதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களா? அவனே ஒத்துக்கினான், தப்பா குடுத்துட்டேன்னு" என்று நாலா பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னான்.

புதிதாக வந்த பையன் ஒரு ரன் ஓடிக் கொடுக்க, மீதியைச் சக்கரபாணி அடித்து முடித்தான். ஒரு பந்து பாக்கி இருக்க ஜெயித்தார்கள். ராக்கெட் லெவன் கப்பு வாங்கின ஒரே தடவை அதுதான். போட்டோ எடுத்தார்கள். அதில் ஆதியும் இல்லை, கோபியும் இல்லை. ஆட்டுக்கறி விருந்துக்கும் இரண்டு பேரும் போகவில்லை. டீம் அடுத்த வருஷம் கலைந்து போயிற்று.

அந்தத் தொப்பிக்காரர் யார் தெரியுமா? போர்வெல் மோட்டார் விற்கிறவர். பந்தல் போட்டவருக்கு மச்சான், காஞ்சிபுரத்துக்காரர். ஊருக்கு வந்த இடத்தில் பொழுது போகவில்லை என்று வேடிக்கை பார்க்க வந்தார். ஒரு வாரம் கழித்துச் சக்கரபாணியே இதைச் சொன்னான். "பொறாமையில உளர்றான்" என்று ஆதி எழுந்து போய்விட்டான். அவர் மெட்ராஸ்காரராகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் யார் மேல் கோபப்படுவது?

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது. எவ்வளவு நல்ல வயசு! கார்த்திகை தீபத் திருவிழா நடக்கும் பத்து நாளும் ஊரே ஜேஜே என்று இருக்கும், கூட இருந்த பையன்கள் எல்லாம் கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு மாட வீதியில் சுற்றுவார்கள், இவன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக வந்த எவனையாவது பிடித்து வைத்துக்கொண்டு "அன்னிக்கி அந்த விரல் மட்டும் எழும்பலன்னா நான் இன்னிக்கி எங்கே இருப்பேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். பக்கத்தில் இருப்பவர்கள் டீயை மடக் மடக்கென்று குடித்துவிட்டு நழுவுவார்கள். டி.வி.யில் மேட்ச் ஓடினால் இன்னும் மோசம். எவன் அவுட்டானாலும் "இவனையெல்லாம் எவன்டா எடுத்தான்?" என்று கத்துவான். ஒரு தடவை வீட்டு ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தான். ரேடியோ என்ன பாவம் பண்ணியது?

ஒரு நாள் இருசப்பன் பயந்து பயந்துதான் பேச்செடுத்தார். ரேஷன் கடையில் எடை போட ஆள் வேண்டும் என்கிறார்கள், சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். ஆதி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நான் போயி தராசு புடிக்கணுமா நைனா? என்னப் பாத்தா தராசு புடிக்கறவன் மாதிரியா இருக்குது?" என்று தட்டைத் தள்ளினான். சோறு தரையெல்லாம் சிதறியது.

முப்பது வருஷமாகத் தராசு பிடித்துத்தான் அந்தச் சோறு வந்தது. இருசப்பன் குனிந்து சோற்றைப் பொறுக்கித் தட்டில் போட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கோபி டைப்ரைட்டிங் முடித்து வேங்கிக்கால் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்தான். அதே தெரு, எதிர்வீடு. பேச்சு மட்டும் இல்லை. கோபி கதவைத் திறந்தால் ஆதி கதவைச் சாத்துவான். கோபி கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. ஆதிக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. "எந்த மூஞ்சிய வச்சிக்கினு குடுப்பான்?" என்றான். பிறகு கோபி வேங்கிக்காலிலேயே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். எதிர்வீட்டில் யாரோ குடி வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி ஆதிக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று அவன் யோசிக்கவும் இல்லை.

தொண்ணூற்று எட்டில் பச்சையம்மாள் எருமை இரண்டையும் விற்று, செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி, பிள்ளைக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்துக் கொடுத்தாள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போன் பேச வரிசையில் நிற்பார்கள், மீட்டர் சிவப்பு எண்ணில் ஓடும். இரண்டாயிரத்தில் கல்யாணம். பெண் வேதா, போளூர் பக்கம். வாய் கம்மி, கண்ணு ஜாஸ்தி. யார் எந்த நாட்டுக்கு எத்தனை நாளுக்கொரு தடவை பேசுவார்கள், யார் பேசி முடித்து அழுவார்கள் என்பதெல்லாம் ஆறே மாதத்தில் அவளுக்கு அத்துப்படி. விரல் கதையைக் கல்யாணமான முதல் வாரமே ஆதி அவளிடம் சொல்லிவிட்டான். பிறகும் வருஷத்துக்கு நாலு தடவை சொன்னான். அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. "உம்" கொட்டுவாள்.

இரண்டாயிரத்து நாலு, ஆடி அமாவாசை. காலை ஆறு மணி இருக்கும், வேதா பூத் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஊரே பௌர்ணமிக்கு மலை சுற்றும், அமாவாசைக்குச் சுற்றுகிறவர்கள் கம்மி. அதனால் முகம் நினைவிருக்கும்.

"ஏங்க, இவரு மாசாமாசம் அமாவாசைக்குப் போறாரு. செருப்பு இல்லாம. நம்ம கடையத் தாண்டறப்ப மட்டும் தலையக் குனிஞ்சிக்கினு போறாரே, யாருங்க அது?"

ஆதி எட்டிப் பார்த்தான். முன்நெற்றி ஏறி, லேசாகத் தொப்பை போட்டு, கோபி போய்க்கொண்டிருந்தான்.

"அவன்தான் கோபி. செஞ்ச பாவத்துக்குச் சுத்தறான். சுத்தட்டும்."

"என்ன பாவம்?"

"எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்? அவுட் குடுத்தானே."

வேதா வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணு புரியலங்க. நீங்க சொல்றதுல அந்தத் தொப்பிக்காரர் வர்றாரு, செங்கம் டீம் வருது, எல்லாம் வருது. பந்து பேட்ல பட்டுச்சா இல்லியா?"

பதினோரு வருஷத்தில் இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, டீக்கடையில் கேட்கவில்லை, சக்கரபாணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே பொய் சொல்லியிருப்பான், பயமே இல்லை. ஆனால் தண்ணீர்க் கையோடு நின்றுகொண்டு, ஒன்றும் தெரியாத இவள் கேட்கிறாள். அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "உனக்கு இன்னாடி தெரியும் அதப்பத்தி?" என்று சத்தம் போட்டான். பூத்துக்குள் பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாததனாலதான் கேக்கறேன்."

ஆதி மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பட்டுச்சு" என்றான்.

"அப்ப அவரு சரியாத்தானே சொல்லியிருக்காரு? அப்புறம் எதுக்கு அடிச்சீங்க?"

ஆதி கல்லாப் பெட்டியை இழுத்துச் சில்லறையை எண்ண ஆரம்பித்தான்.

"இத யார்கிட்டயும் சொன்னதில்லியா?"

"யாரும் கேக்கல."

வேதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அந்த மனுஷன்கிட்ட போயி சொல்லிட்டு வந்துடுங்க. நம்ம வீட்டுக்கு நாளைக்கு ஒரு கொழந்த வரப்போவுது. இப்பிடி ஒண்ண வயித்துல வச்சிக்கினு எத்தினி நாளைக்கு இருப்பீங்க?" என்றாள்.

அந்த ஒரு மாதமும் ஆதிக்குச் சோறு இறங்கவில்லை. தான் அவுட் என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவனுக்கு அதில்தான் எல்லாம் இருந்தது. அந்த விரல் தப்பாக எழும்பியது என்பதால்தான் அவன் இந்தப் பூத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆட்டக்காரன். விரல் சரி என்று ஆகிவிட்டால் அவன் யார்? டென்னிஸ் பந்தில் ஏரியில் ஆடின ஒரு பையன், அவ்வளவுதானே.

அடுத்த அமாவாசைக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையிலேயே வாசலில் நின்றான். கோபி தலையைக் குனிந்துகொண்டு வந்தவன், எதிரில் இரண்டு வெறுங்காலைப் பார்த்து நிமிர்ந்தான்.

"நானும் வரட்டுமாடா?"

கோபி முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து ஆதி தடுமாறிப் போனான். திட்டுவான், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான் என்று தயாராக வந்தவன் அவன். இதற்குத் தயாராக இல்லை.

செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் மலைப்பாதையில் திரும்பி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு எங்கிருந்தோ பிடித்துக்கொண்டது. ஒன்றாம் வகுப்பு வாத்தியார், ஆதி ஓட்டின சைக்கிளிலிருந்து கோபி விழுந்து பல் உடைந்தது, ஏரியில் பந்து தேடப் போய்ப் பாம்பைப் பிடித்தது. கோபி சிரித்தால் இன்னும் அதே மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டுதான் சிரித்தான். எவ்வளவு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டோம் என்று ஆதிக்கு அழுகை முட்டியது. இப்படியே சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் ஆசை வந்தது. வேதா கேட்பாளே என்பது ஒன்றுதான் அவனைத் தள்ளியது.

பாதி வழியில் அடி அண்ணாமலை வந்தது. டீ வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்கள். ஆதி டீயைக் குடிக்கவில்லை.

"கோபி, அன்னிக்கி பேட்ல பட்டுச்சுடா."

கோபி கிளாஸை வாயருகே கொண்டு போனவன் அப்படியே நிறுத்தினான்.

"பட்டுச்சு. எனக்கு அப்பவே தெரியும். நீ குடுத்தது சரி. நான்தான்…"

கோபி கிளாஸைக் கீழே இறக்கினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எனக்கு ஒண்ணுமே கேக்கலடா. பட்ட மாதிரியும் தெரியல."

"அப்புறம் ஏன்டா தூக்கின?"

"சக்கரபாணி என் பக்கத்துலதானே நின்னான். 'இவன் நின்னா கப்பு போச்சுடா கோபி, எதனா பண்ணுடா'ன்னு சொல்லிக்கினே இருந்தான். கரையில அத்தினி பேரும் கைய ஆட்டறானுங்க. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. நீ போய்ட்டா ஜெயிச்சுடலாம்னு. கீப்பர் கேட்டான், தூக்கிட்டேன். வேணும்னேதான் தூக்கினேன்டா. அவுட் இல்லாதவனுக்கு அவுட் குடுத்தேன்."

டீமே தான்தான் என்று ஆதி நினைத்துக்கொண்டிருந்தான். பத்துப் பேரும் அவன் எப்போது ஒழிவான் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவன் போனதும் ஜெயித்தும் இருக்கிறார்கள்.

கோபி பேசிக்கொண்டே போனான். "நீ அறைஞ்சப்ப, சரியாத்தான் அறைஞ்சான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் எவன் கூப்ட்டும் நான் அம்பயரா நிக்கல. நீ வேலவெட்டி இல்லாம டீக்கடையில உக்காந்துக்கினு இருக்கறன்னு கேள்விப்படறப்பல்லாம், நான்தான் இவன் வாழ்க்கையக் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்னு… கல்யாணப் பத்திரிகையக் கொண்டாந்து உங்க வீட்டு வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போனேன்டா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு குடுக்கறது? நீ அறைஞ்ச அன்னையிலேர்ந்து மாசம் தவறாம சுத்தறேன். இவனுக்கு ஒரு வழி பண்ணு சாமின்னு உன் பேருக்குத்தான் சுத்தறேன்."

சட்டென்று பேச்சை நிறுத்தினான். இவ்வளவு நேரம் கழித்து அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இரு. பட்டுச்சுன்னா, நீ அவுட்டு."

"ஆமா."

"அது உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்டா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" கோபி எழுந்தான். எழுந்த வேகத்தில் டீ சிந்தியது. "அப்ப நான் பதினோரு வருஷமா எதுக்குடா சுத்திக்கினு இருக்கறேன்?"

ஆதிக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. வந்தால் தேவலை என்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கோபப்பட அவனுக்கு ஆளே கிடைக்கவில்லை.

மலை சுற்ற இறங்கினவன் பாதியில் திரும்ப மாட்டான். காலில் முள் குத்தினாலும் நொண்டிக்கொண்டு முடிப்பானே தவிர விட மாட்டான், அதுவும் கோபி. அந்தக் கோபி டீக் கிளாஸைக் கல்லில் வைத்தான். ரோட்டுக்கு வந்தான். டவுன் பக்கம் போன ஒரு ஆட்டோவுக்குக் கையைக் காட்டி, ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ஆட்டோ கிளம்பிவிட்டது. ஆதி நடு ரோட்டில் நின்றான். முன்னால் போவதா, திரும்பிப் போவதா, அவனுக்குத் தெரியவில்லை. பத்தடி போன ஆட்டோ நின்றது. கோபி தலையை வெளியே நீட்டினான். கண் சிவந்திருந்தது.

"ஏறித் தொலைடா."

ஆதி ஓடிப் போய் ஏறினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோ குலுங்கும்போது தோளும் தோளும் இடித்தது, கோபி நகர்ந்து உட்காரவில்லை. டவுன் நெருங்கும்போது ஆதி வாயைத் திறந்தான்.

"கோபி, நான்…"

"பேசாத. கொஞ்ச நாளைக்கு என்கிட்ட எதுவும் பேசாத."

சரி என்று ஆதி தலையாட்டினான். பூத்தில் வேதா காத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். கொஞ்ச நாளைக்குப் பேசாதே என்றான் என்று சொன்னான். "கொஞ்ச நாளைக்குன்னுதான் சொன்னான்" என்று அவளிடம் இன்னொரு தடவையும் சொன்னான்.